மாமா கலக்கிய பால்

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மருந்து வைக்கப் போகிறார்கள் என்பதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். கடைசியாகக் கண்டுபிடித்தவனும் நான்தான். வேறு யாருக்கும் அந்தச் சந்தேகமே வரவில்லை.

அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, சேலத்தில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். முந்தின மழைக்காலத்தில் எஸ்டேட்டின் வெள்ளை ஜீப்பை அப்பாவிடம் ஆசையாகக் கேட்டு வாங்கி ஓட்டிப் போய், மஞ்சக்குட்டை ரோட்டில் பள்ளத்தில் சாய்த்துவிட்டார். மாமாவுக்குச் சிராய்ப்புகூட இல்லை. ஜீப் போயிற்று. முதலாளி முன்னால் கைகட்டி நின்றது அப்பா. அன்றோடு பேச்சு நின்றது. மாமா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், "உந்தம்பிக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்று அம்மா வழியாகத்தான் விசாரணை.

என் பள்ளிக்கூட லீவுக்கு வந்த மாமா, பின்பக்கத்து விறகுக் கொட்டகைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே உஸ்ஸ் உஸ்ஸ் என்று சத்தம். கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். காற்றடைத்த லாரி ட்யூப், அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் பேனா மாதிரி ஏதோ ஒன்று. மாமா கையில் டம்ளர், டம்ளரில் பால். அதில் ஒரு குப்பியிலிருந்து எதையோ சொட்டுச் சொட்டாக விட்டுக் குச்சியால் கலக்கினார். பக்கத்தில் அம்மா!

"மருந்தப் பாத்து உடுடா."

"கூடிப்போச்சுன்னா ஓடிரும்க்கா, கொறஞ்சா அடைச்சுக்கும். டம்ளரச் சாச்சா பாலாட்டம் ஒட்டி எறங்கோணும், அதான் பதம். ஞாயித்துக்கெழம மச்சானுக்கு வெச்சிரலாம்."

"அதுக்குள்ள அவியளுக்குத் தெரிஞ்சிரப் போவுது."

"வெச்சப்புறம் பாரு, மச்சான் தானாப் பேசுவாரு."

பேசாதவனைப் பேச வைக்கச் சாப்பாட்டில் மருந்து வைப்பார்கள், அளவு தப்பினால் ஆளே போய்விடுவான் என்பது எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். ஓடப் போவது அப்பாவின் உயிர், அடைக்கப் போவது நெஞ்சு என்று நான் முடிவு கட்டினேன்.

அதன்பின் அப்பாவின் தட்டை முதலில் மோந்து பார்ப்பது என் உத்தியோகமானது. ரசச் சோற்றில் ஒரு உருண்டையைப் பூனைக்கு வைத்தேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. பூனைக்கே தெரிந்துவிட்டது!

"பால் மட்டும் குடிக்காதீங்கப்பா."

"நா எப்படா சாமி பால் குடிச்சேன்?" என்றார் அப்பா. பாவம், வெள்ளந்தி மனுசன்.

ஞாயிற்றுக்கிழமை. மாமா துணி மூடிய தட்டோடு வந்து அப்பா முன்னால் வைத்தார். அம்மா நீட்டிய காபியை அப்பா வாங்கி ஒரு வாய் குடித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது: மருந்து பாலில், பால் காபியில், காபி அப்பா வாயில்! பாய்ந்து டம்ளரைத் தட்டிவிட்டேன்.

மிச்சக் காபி மொத்தமும் தட்டில் கொட்டியது. துணியை எடுத்தால், உள்ளே சாண் அளவு ஜீப். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்தது. பள்ளத்தில் போன அதே ஜீப், அதே வெள்ளை, துளி திட்டு இல்லாத பூச்சு. மாமா டம்ளரில் கலக்கியது அக்ரிலிக் பெயிண்ட், மருந்து என்றது அதை நீர்க்க வைக்கும் தின்னர், பேனா என்பது பெயிண்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டவை. அப்போது தெரிந்தது மாமாவின் முகம் மட்டும்தான். ஜீப்பின் மட்கார்டிலிருந்து காபி ஒழுகிக்கொண்டிருந்தது.

அப்பா ஜீப்பைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். துடைக்கவில்லை.

"இப்பத்தான் மாப்ள, சேறும் சகதியுமா நம்ம வண்டியாட்டம் இருக்குது."

அப்பா ஒரே ஒரு வாய்தான் குடித்திருந்தார். அதற்குள் பேசிவிட்டாரே!

"மருந்து வேல செஞ்சிருச்சு!" என்று வீடே அதிரக் கத்தி அழுதேன். நான் எதற்கு அழுகிறேன் என்று அவர்கள் மூன்று பேருக்கும் புரியவில்லை. அம்மா எதற்கு அழுகிறாள் என்று எனக்கும் புரியவில்லை.