சார்ஜர் அக்கா அழித்த குரல்

எங்கள் தொடக்கப் பள்ளியைக் கூட்டிப் பெருக்குவது என் வேலை. தொண்டு நிறுவனத்திலிருந்து வரும் பெண்ணைப் பிள்ளைகள் சார்ஜர் அக்கா என்பார்கள். அவள் பை நிறைய வயர்தான்.

"கரண்டு ஆபீஸையே உன் பேருக்கு எழுதி வச்சிட்டாங்களா?" என்று நான் கேலி செய்வேன்.

வீடு வீடாகப் போய்ப் பழைய டேப்லெட்களை வாங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, கதைப் புத்தகம் ஏற்றி ஒன்றாம் வகுப்புக்குத் தருவாள்.

அங்கே யாரிடமும் வாய் திறக்காத சிறுமி ஒருத்தி உண்டு. ஒருநாள் இடைவேளையில் அவள் தனியாக உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். அவள் ஒரு வரி படித்ததும், டேப்பிலிருந்து வேறொரு சிறுமியின் குரல் அடுத்த வரியைப் படித்தது. நடுவில் இருமியது.

"உன் டேப்பு நல்லாப் படிக்குதே!" என்று பக்கத்தில் நின்ற சார்ஜர் அக்காவிடம் சொன்னேன்.

சார்ஜர் அக்காவின் முகம் வெளுத்தது.

"இதுல படிச்சுக் காட்டுற வசதியே இல்லக்கா. இதைக் கொடுத்தவங்க பொண்ணு போன வருஷம் இருமி இருமியே செத்துப்போச்சு. இதுல பதிவாகியிருந்த அது குரலையெல்லாம் நானே அழிச்சேன். இந்தக் கதைய இன்னைக்குக் காலைலதான் ஏத்தினேன்."

கடவுளே என்று கும்பிட்டேன். அக்கா மறுபடி அழிக்கப் போனாள்.

சிறுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்கா. அவளுக்கு இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி இருக்கு."

அந்தப் பிள்ளை எங்களிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அக்கா அழிக்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தாள்.