முஞ்சேயும் முந்தேயும்

எங்கள் வீட்டு ஷெட்டில் மூன்று வருஷமாக ஒரு பழைய கார் நின்றுகொண்டிருந்தது. வட்டக் கண், புடைத்த கன்னம், பாசிப்பச்சை நிறம். என் மருமகள் கல்யாணமான மறுவருஷம் கிருஷ்ணகிரியில் அவள் அப்பாவிடம் கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஊரில் மற்ற மருமகள்கள் ஃப்ரிட்ஜ் கொண்டுவருவார்கள், எங்களுடையவள் ஓடாத காரைக் கொண்டுவந்தாள் என்று தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜூஜுவாடியிலிருந்து பழைய இரும்புக்காரர் லாரியோடு வருவதாக ஏற்பாடு. வரச் சொன்னவன் என் மகன்.

"அதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணிட்டா வெச்சுக்க. இல்லன்னா போவட்டும். எனக்கு ஷெட்டு வேணும்" என்றான்.

"ஆவட்டும்" என்று மருமகள் பந்தயம் கட்டுகிறவள் போலக் கையை நீட்டினாள். ஆனால் மத்தியானம் அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் ஷெட்டுக்குள் போய் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

அவள் ஓசூரில் வண்டி பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கைக்கு ஸ்பேனர் புதிதில்லை. அன்று காருக்குப் புதிதாக ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மாட்டியிருந்தாள். மூடி போட்ட சொம்பு மாதிரி இருந்தது. மூடியை எடுத்தால் நடுவே விரல் மாதிரி ஒன்று. அது சுற்றிக்கொண்டே போய் ஒவ்வொரு இடமாக நெருப்புப் பொறியைக் கொடுக்குமாம். எந்த நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பதை போனில் சொல்லிவைக்கலாமாம். போனைக் காட்டினாள். மேம்பாலத்தில் பஸ் ஏறுகிற மாதிரி ஒரு கோடு மேலே ஏறிப் போயிற்று.

"இது என்னா கண்ணு?"

"இஞ்சின் வேகமா சுத்தச் சுத்த நெருப்பு இன்னும் முந்தி வரணும் அத்தே. அந்தக் கணக்கு."

"எதுக்கு முந்தி வரணும்?"

"அடுப்பு பத்த வெச்ச ஒடனே சோறு கொதிக்குதா? பெட்ரோலு எரியவும் நேரம் வேணுமில்ல?"

எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருஷம் பஸ்ஸிலும் வேனிலும் போயிருக்கிறேன், உள்ளே ஒருத்தி அடுப்பைச் சீக்கிரம் பற்றவைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எவரும் சொல்லவில்லையே.

இஞ்சினுக்கு முன்னால் இருக்கும் புல்லிச் சக்கரத்தில் ஒரு கோடு. அதை இஞ்சின்மேல் இருந்த அடையாளத்துக்கு நேராக நிறுத்தி, சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பை மெள்ளத் திருப்பினாள். அதில் இருந்த ஓட்டை வழியாகச் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. "இதான் எடம்" என்று முடுக்கி மூடியைப் போட்டாள். சாவியைத் திருகினாள். இஞ்சின் முக்கியது, முனகியது, சைலன்சரில் டமார் என்று வெடித்தது. நின்றுவிட்டது.

அத்திப்பள்ளியில் அவளோடு வேலை பார்த்த ஒரு மெக்கானிக் இருக்கிறார், கன்னடக்காரர். அவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, இன்னொரு தடவை சாவியைத் திருகிச் சத்தத்தைக் கேட்கவைத்தாள்.

"லேட்டு அக்கா, லேட்டு" என்றார் அவர். "ஸ்வல்ப முஞ்சே ஆகபேக்கு." போன் கரகரத்துக் கட்டாயிற்று.

அவள் டிஸ்ட்ரிபியூட்டரை விரல் சுற்றுகிற பக்கமாகவே கொஞ்சம் முன்னால் தள்ளினாள். சாவி. இந்தத் தடவை முனகக்கூட இல்லை, வெடி மட்டும் பெரிதாக வந்தது. பக்கத்து வீட்டு நாய் ஓடிப்போயிற்று.

"முன்னாடி வெக்கச் சொன்னாரு, வெச்சேனே அத்தே. பேட்டரி இன்னும் ரெண்டு தடவ தாங்குனா பெருசு." அவள் கண் கலங்கிவிட்டது. மணி நாலரை தாண்டியிருந்தது.

எனக்கு எழுத்து வராது, காதுக்கு மட்டும் மூன்று பாஷை வரும். மாங்கூழ் கம்பெனியில் வேலை பார்த்தபோது கன்னட மேஸ்திரி ஒருவர், "நாளெ முஞ்சே பன்னி" என்றார். நாளெ நாளைக்கு, பன்னி வாங்க, அதுவரைக்கும் புரிந்தது. மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போய் வரிசையில் எல்லாருக்கும் முன்னால் நின்றேன். மனுஷர் தலையில் அடித்துக்கொண்டார். முஞ்சே என்றால் சீக்கிரம், முந்தே என்றால் முன்பக்கம். அன்றைக்குப் பட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏம்மா, அவரு முந்தேன்னு சொல்லல, முஞ்சேன்னாரு. முன்னாடி தள்ளுன்னு இல்ல, சீக்கிரம் வரணும்னு."

"ரெண்டும் ஒண்ணுதான அத்தே?"

"எப்படி ஒண்ணாவும்? கம்பெனி பஸ்ஸுல சீட்டு புடிக்க நான் என்னா பண்ணுவேன்? பஸ் வர்ற தெசைக்கு எதிர்ல நடப்பேன். பஸ்ஸு எங்கிட்ட முந்தியே வந்துரும். பஸ் போற பக்கமா நடந்தா லேட்டாத்தான வரும்? அந்தச் சொம்புக்குள்ள சுத்துற விரலு பஸ்ஸு. நீ நவுத்துறது ஸ்டாப்ப."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அந்தச் சொம்பைப் பார்த்தாள். "அய்யோ அத்தே!" என்றாள், அவ்வளவுதான். புல்லிக் கோட்டை மறுபடி அடையாளத்துக்குக் கொண்டுவந்தாள். விரல் போகிற பக்கமாகத் திருப்பி விளக்கை அணைத்தாள். பிறகு விரலில் ஆட்டம் இல்லாதபடி லேசாக எதிர்ப்பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, பச்சை எட்டிப்பார்த்த நொடியில் நிறுத்தினாள். முதலில் அந்த ஆட்டத்தை எடுக்காமல் விட்டதுதான் தப்பாம். முடுக்கி மூடியைப் போட்டாள்.

சாவி. ஒரு முக்கல். இன்னொரு முக்கல். பிடித்துக்கொண்டது! ஷெட்டுத் தகரமெல்லாம் தடதடத்தது. நான் பக்கெட்டை உதைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

அவளுக்கு அதுவும் போதவில்லை. நெருப்புப் பொறி வரும்போதெல்லாம் மின்னுகிற டார்ச் ஒன்றைப் புல்லிமேல் அடித்தாள். புல்லி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றுகிறது, அந்தக் கோடு மட்டும் அசையாமல் நிற்கிறது! "கை வெக்காதீங்க அத்தே, சுத்திட்டுத்தான் இருக்குது" என்று என் கையைத் தட்டிவிட்டாள். வேகத்தைக் கூட்டினால் கோடு நகர வேண்டுமாம். என் மகன் அதற்குள் காரில் ஏறி உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தான். கோடு மெள்ள நகர்ந்து முந்திக்கொண்டு போயிற்று, போனில் பார்த்த அதே மேம்பாலம்.

"சரி, ஷெட்டு உனுக்கே" என்றான் மகன்.

"உங்கள யாரு கேட்டா? எறங்குங்க" என்றாள்.

அப்போது சந்தில் ஹாரன் சத்தம். இரும்புக்காரரின் லாரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அவர் கயிற்றோடு இறங்கி வந்து, உறுமிக்கொண்டிருந்த காரைப் பார்த்தார். "ஏனப்பா இது, ஓடாத வண்டின்னுதானே சொன்னீங்க?"

மருமகள் எனக்கு முன்கதவைத் திறந்துவிட்டு ஹாரனை அழுத்தினாள். அவர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறி, சந்து முனை வரைக்கும் அதைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போய் எங்களுக்கு வழிவிட்டார்.