நீதிபதி மிரட்டியது என் வாயால்

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலையில் வாய் மட்டும்தான் நம்முடையது, அதிலிருந்து வருவதெல்லாம் அடுத்தவருடையது. மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் எங்களை ஜூருபாசா என்பார்கள். முதலாளிக்காகத் தொலைபேசியில் பேசி வசவு வாங்கும் குமாஸ்தாக்களே, மேலதிகாரி சொன்னதைப் போய்ச் சொல்லி அடி வாங்கும் அன்பர்களே, நீங்களும் என் சாதிதான். கேளுங்கள்.

நான்தான் வெட்டினேன்

சாட்சி 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று தப்பிக்க முடியாது. ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இதற்குச் சத்தியப் பிரமாணமே எடுத்திருக்கிறோம்.

ஒருமுறை கொலை வழக்கு. குற்றவாளிக் கூண்டில் இருந்தவர் தமிழில் முனக, நான் மலாயில் தெளிவாக, "நான்தான் வெட்டினேன், இரண்டு தடவை வெட்டினேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் லிஃப்டில் ஏறினேன். உள்ளே பார்வையாளர் வரிசையில் இருந்த ஓர் அம்மா. என்னைக் கண்டதும் மகளை இழுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தார். கதவு மூடும்போது அவர் குரல் கேட்டது: "ஐயோ, இந்த ஆளைப் போயி வெளிய விட்டுட்டாங்களே!"

வாட்சாப்பில் என் குரல்

சிரித்தது அத்தோடு சரி. நான் வேலை பார்த்த நீதிமன்றத்துக்கு ஒரு பெண்மணி நீதி ஆணையராக வந்தார். நீதிபதி செய்யும் எல்லா வேலையும் செய்வார். ஆனால் பதவி உறுதியானால்தான் முழு நீதிபதி, இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தமிழ் தெரியாதவர். தாசேக் கெலுகோர் பக்கம் பழைய தோட்ட வீடுகளை இடிக்கக் கிளம்பிய ஒரு நிறுவனத்தை அவர் தடுத்துத் தீர்ப்பளித்தார். அவர் பெயர் உறுதிப்படுத்தலுக்குப் போன சமயம் பார்த்து, நிறுவனத்தின் சாட்சியாக வந்த மண்டோர், அதாவது தோட்டக் கங்காணி ஒருவர், வாட்சாப்பில் சுற்றிய காணொளியில் தோன்றினார். பொய் சொன்னால் சிறையில் தள்ளிவிடுவதாக நீதிபதி தன்னைக் கூண்டிலேயே மிரட்டினாராம்.

நாடு இரண்டு பட்டது. ஒரு கூட்டம் அவரை நீக்கு என்றது, இன்னொன்று அவரைத் தொடாதே என்றது. எனக்கு மட்டும் வேறு கவலை. நீதிபதி பேசியது ஆங்கிலம், மண்டோர் காதில் விழுந்தது என் தமிழ். மிரட்டல் என்று ஒன்று இருந்தால் அது என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். வீட்டில் என் மனைவி காணொளியை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "ஏங்க, நீங்க அப்படிச் சொன்னீங்களா இல்லையா?"

ஞாபகம்

எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் உண்மை, அதுதான் பயம். ஒரு நாளில் எத்தனை பேருடைய சொற்கள் இந்த வாய் வழியாகப் போகின்றன! அன்று வெயில், பசி, மண்டோர் வேறு மாற்றி மாற்றிப் பேசினார். எரிச்சலில் ஒரு சொல்லைக் கூட்டியிருப்பேனோ? என் ஒரு சொல்லால் ஒரு நல்ல மனுஷியின் பதவி போய்விடுமோ?

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் கடையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டைக்காரர் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். முன்பின் தெரியாதவர். என் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. மண்டோரின் புகார் மீதான விசாரணைக்கு என்னைக் கூப்பிடப் போகிறார்கள் என்பதும் தெரிந்திருந்தது. குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லட்டுமா என்று அன்பாகக் கேட்டார். எழுந்து போகும்போது என் தோளில் கை வைத்தார். "ஆமா, மெரட்டுனாங்கன்னு மட்டும் சொல்லுங்கண்ணே, போதும்லா. ஒங்க மக ஃபேக்டரி பஸ்ல இருட்டுலதானே வந்து எறங்குது?"

அன்றிலிருந்து மகளை நானே காரில் கூட்டிவந்தேன். பின்னால் வரும் ஒவ்வொரு விளக்கும் எங்களைத்தான் தொடர்வதாகப் பட்டது.

ஒலிப்பதிவு

விசாரணைக்கு நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வழக்கின் ஒலிப்பதிவு இருந்தது. என் தமிழை மலாயில் சொல்ல ஈப்போவிலிருந்து இன்னொரு ஜூருபாசாவை வரவழைத்திருந்தார்கள், கண்டிப்பான அக்கா. வாழ்க்கையில் முதல்முறையாக என்னை ஒருவர் மொழிபெயர்க்கப் போகிறார்.

முதலில் நீதிபதியின் குரல்: பொய்ச் சாட்சி குற்றம் என்று அவருக்கு நினைவூட்டுங்கள், யோசித்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள். அடுத்து என் குரல்: "பொய்ச் சாட்சி சொன்னா சட்டப்படி குற்றம். யோசிச்சுச் சொல்லுங்க, அண்ணே."

அந்த 'அண்ணே' நீதிபதி சொன்னதல்ல, நான் கூட்டியது. நம் ஆட்கள் வயதில் மூத்தவரிடம் மொட்டையாகப் பேசுவார்களா? வாய் தானாகவே சேர்த்துவிட்டது. ஈப்போ அக்கா கடுகளவும் விடாமல், 'அபாங்' என்று அதையும் மலாயில் சொன்னார். நீதிபதியா சாட்சியை அபாங் என்று அழைத்தார் என்று அதிகாரி கேட்டார். "இல்லை துவான், அது நான்" என்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு மலாயில் கேட்டார்: "மிரட்டுறவன் எவன்லா அபாங்னு கூப்பிடுவான்?"

உறவு

நீதிபதிக்குப் பதவி உறுதியானது. சொல்லைக் கூட்டியதற்கு எனக்கு எழுத்துமூல எச்சரிக்கை வந்தது. சட்டைக்காரரை மறுபடி பார்க்கவில்லை. ஆனாலும் அந்தக் கடைப் பக்கம் நான் போவதே இல்லை.

முழு நீதிபதியாக அவர் உட்கார்ந்த முதல் நாள், இடைவேளையில் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நன்றி சொல்வார் என்று போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் மலாயில் கேட்டதை இங்கே ஒரு சொல்லும் கூட்டாமல் தருகிறேன்: "என் பெயரைச் சொல்லித் தமிழில் இன்னும் யார் யாரிடமெல்லாம் உறவு கொண்டாடியிருக்கிறீர்கள்?"

அதற்கும் எனக்கு ஞாபகம் இல்லை என்பதால்தான், இன்றைக்கும் ஒலிப்பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தால் வாய்வரை வந்த 'அண்ணே'யை அப்படியே விழுங்கிவிடுகிறேன்.