நாய்களுக்குப் பெயர் இருந்தது

காலை 9.10. ஹவுகன்ஸ்டுவாவில் ரயில் ஏறினோம். நாற்பத்து நான்கு குரோனர் சீட்டு. அதே சீட்டில் ஒஸ்லோ மத்திய நிலையத்தில் இறங்கி, முப்பதாம் இலக்கப் பேருந்தில் பிக்டொய் வரை போகலாம். கூட வந்தவள் என் தங்கச்சியின் மகள் அனுஷா. இங்கேயே பிறந்தவள், இருபத்து நான்கு வயது. வடக்குப் பனிக்கடலுக்கு ஆரம்பத்தில் போன ஐரோப்பியர்களில் ஒருவருடைய வீடு பிக்டொயில் இப்போது அருங்காட்சியகம். அங்கே அவள் வழிகாட்டி.

"மாமா, அங்கை வந்து என்னோடை தமிழிலை கதைக்காதேங்கோ. எங்கடை மேலாளர் மனிசி இண்டைக்குப் பின்னாலை நிண்டு பாத்துக்கொண்டிருப்பா. மூண்டு வருசமாக் கோடைக்கு மட்டும்தான் வேலை. நிரந்தரமாக்கிறதோ இல்லையோ எண்டு இண்டைக்குத் தெரியும்."

"ஓம்" என்றேன். மனதுக்குள் அப்போதே புகைந்துகொண்டிருந்தேன். காரணம் முதல்நாள் அவள் சொன்ன ஒரு கதை.

11.00. நுழைவு நூற்றிருபது குரோனர். ஏறக்குறைய இருபது பேர். அனுஷா ஆங்கிலத்தில் அழகாகப் பேசினாள். அந்தப் பனிக்கடல் பயணி மீன்பிடிகாரரின் மகனாகப் பிறந்தார். மூன்று பயணங்கள் செய்தார். இரண்டு குளிர்காலம் பனியில் சிக்கியும் உயிர் தப்பினார். ஒரு விரிகுடாவுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். தோல் உடுப்புத் தைத்துக் கொடுத்து, நாய்வண்டி ஓட்டப் பழக்கி, அவரைச் சாகாமல் காப்பாற்றிய மக்களுக்கு ஒரே ஒரு வசனம். கண்டுபிடித்தாராம்! அந்த மக்கள் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தை இவர் போய்க் கண்டுபிடித்தாராம்.

சாப்பாட்டு அறையில் ஒரு படம். நடுவில் அவர், சுற்றிலும் ஆறு நாய்கள், ஓரத்தில் தோல் சட்டையோடு எட்டு வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளை. கீழே பலகையில் ஆறு நாய்களின் பெயர்களும் இருந்தன. கடைசியில் 'உள்ளூர்ச் சிறுமி'.

அனுஷா சொன்ன கதை இதுதான். படிக்கவைக்கிறேன் என்று அந்தப் பிள்ளையை இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தார். இரண்டு வருடத்தில் அலுத்துப்போக, கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். அவருடைய கடிதங்களிலேயே பிள்ளையின் பெயர் இருக்கிறது. சுற்றுலாவில் அது வேண்டாம் என்பது மேலாளரின் கட்டளை.

அனுஷா படத்தைத் தாண்டிப் போனாள். எனக்குப் பொறுக்கவில்லை. கையை உயர்த்தி, ஆங்கிலத்தில் உரக்கக் கேட்டேன்: "இந்தப் பிள்ளையின் பெயர் என்ன?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு பெயரைச் சொன்னாள், கதையையும் முழுக்கச் சொன்னாள். கதவோரம் நின்ற மேலாளர் கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினார். முடிந்ததும் எல்லோருக்கும் நன்றி சொன்னார். அனுஷாவைப் பார்க்கவில்லை.

13.20. திரும்பும் பேருந்து. எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"நல்லாச் சொன்னாய் பிள்ளை. இவைக்கு இப்பிடித்தான் குடுக்கவேணும்."

அவள் யன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். "மாமா, அந்தப் பலகையை மாத்தச் சொல்லி நான் எல்லாம் எழுதி வைச்சிருந்தனான். கடிதங்களின்ரை பிரதியும் எடுத்திட்டன். வேலை நிரந்தரமானாப் பிறகு குடுக்க இருந்தனான். பலகையிலை ஒருக்கா ஏறினா வாற ஆக்கள் எல்லாரும் வாசிப்பினம். இண்டைக்கு இருபது பேர் கேட்டினம். அவ்வளவுதான்."

"எனக்குத் தெரியாதே பிள்ளை."

"நீங்கள் என்னட்டைக் கேக்கேல்லை."

மறுநாள் காலை என்னை வழியனுப்ப கார்டெர்மோன் விமான நிலையத்துக்கு அனுஷா வரவில்லை. மேலாளர் ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தாராம். தங்கச்சி அதை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். யாழ்ப்பாணத்தில் எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன். அதன் பலனையும் அதே தெருவில் இருந்து நானே அனுபவிப்பேன். மூன்று கிழமைக்கு வந்த நான் இங்கே கத்திவிட்டு விமானம் ஏறுகிறேன். அந்தப் பனிக்கடல் பயணிமேல் இருக்கும் கோபம் இன்னும் தணியவில்லை. ஆனால் போன இடத்தில் ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் கேளாமல் கைவைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர் அவர் மட்டுமில்லை.