இது என்ன ஊஞ்சலா?

பழைய கார்களின் கதவு தொங்கிப்போனால் அந்தப் பட்டறைக்குத்தான் கொண்டுவருவார்கள். அங்கே வேலை பார்க்கும் டிங்கருக்குப் ‘பட்டாசு’ என்று பட்டப்பெயர். யாராவது கதவை அறைந்து சாத்தினால் அவர் வெடித்துவிடுவார்.

அன்று வாத்தியார் மூன்றாம் முறையாகத் தன் பழைய காரோடு வந்தார். அதே முன்கதவு. இந்தத் தடவை முன்சீட்டில் அவருடைய அம்மாவும் இருந்தார். பட்டாசு கதவைத் திறந்து, அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார். லொடலொடவென்று ஆடியது. போன வருஷம்தான் கீலுக்குப் புது ஆணி போட்டிருந்தார்.

“கதவுல யாரு சார் தொங்குறது? இது என்ன ஊஞ்சலா? எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்துறது?”

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

“சரி, அம்மாவ இறங்கச் சொல்லுங்க. கதவைக் கழட்டணும்.”

அம்மா திறந்த கதவின் மேல்விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்து, உடம்பின் கனம் முழுவதையும் அதில் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். கதவு கிறீச்சிட்டது. பிடித்துக்கொள்ள அங்கே வேறு எதுவும் இல்லை.

பட்டாசு வாயை மூடிக்கொண்டு கீல் ஆணியை மாற்றினார். பிறகு யாரையும் கேட்காமல், ஓட்டை பஸ் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த கைப்பிடியை எடுத்துவந்து, காரின் முன்கண்ணாடியை ஒட்டிய தூணில் உட்பக்கமாக முடுக்கினார். அதைப் பிடித்து அம்மா ஏறினார், இறங்கினார். கதவு அசையவே இல்லை.

அப்போதும் பட்டாசுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஸ்பேனரைத் தரையில் வீசினார்.

“இந்தக் காரைச் செஞ்சவங்கள்ல ஒருத்தனுக்குக்கூடவா சார் அம்மா இல்ல?”