கலாவதிமேல் வந்த சாமி

சின்ன காஞ்சிபுரத்தில் கலாவதிக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் சாமி வரும். அம்மனுக்காகப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் இருப்பாள். வெயில் உச்சிக்கு ஏறும்போது, பட்டு நூல் சுற்றிக்கொண்டிருக்கும் கை நின்றுவிடும். உடம்பெல்லாம் வியர்க்கும். கண் ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும், நாக்கு குழறும். தெருவே வாசலில் திரண்டுவிடும். புதுத் தறி போடலாமா, பெண்ணுக்கு வரன் அமையுமா என்று கேட்பார்கள். அவள் உளறுவதற்கு அவரவர் வசதிக்கு அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். கடைசியில் கணவன் பஞ்சாட்சரம் ஒரு சொம்பு பானகம் புகட்டுவான். வெல்லம் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் சாமி மலையேறிவிடும். அம்மனுக்குப் பானகம் என்றால் உயிர் என்று தெரு முடிவுகட்டியிருந்தது.

கலாவதிக்கு எதுவும் நினைவிருக்காது. ஆனால் மற்ற நாளெல்லாம் "ஏய் கலா" என்பவர்கள் அன்றைக்கு மட்டும் "தாயே" என்பது பிடித்திருந்தது.

இரண்டாயிரத்து ஏழில், விரதமே இல்லாத ஒரு புதன்கிழமை, வாலாஜாபாத் பஸ்ஸில் சாமி வந்துவிட்டது.

"காலங்காத்தால ஊத்திக்கினு வந்துட்டியாம்மா?" என்றார் கண்டக்டர். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு நர்ஸ்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ரத்தத்தில் சர்க்கரை முப்பத்தெட்டு. குளுக்கோஸ் ஏறியதும் கலாவதி கண் திறந்து, "பானகம் குடுத்தீங்களா?" என்றாள்.

சென்னையில் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி.

"புற்றுநோய் இல்லைம்மா. ஆனா கண்ட நேரத்துல இன்சுலினைக் கொட்டுது. சாப்பிடாம இருந்தா சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கிடும்" என்றார் டாக்டரம்மா.

"அப்போ எம்மேல வந்தது?"

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "அது எனக்குத் தெரியாது. சர்க்கரை இறங்கினது மட்டும்தான் தெரியும்."

பஞ்சாட்சரத்துக்கு வேறு கவலை. "வயித்தைக் கிழிச்சு கணையத்தையே எடுத்துடுவீங்களா மேடம்?"

"வேண்டியதில்லை. கட்டி ஓரமா, கணையத்துக்குள்ள ஓடுற குழாயை விட்டுத் தள்ளி இருக்கு. நாலு சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு, கட்டியை மட்டும் தோண்டி எடுக்கலாம். கணையம், மண்ணீரல் எல்லாம் அப்படியே இருக்கும். கணையத்தை நிறைய வெட்டினா நாளைக்குச் சர்க்கரை வியாதி வரும்."

"இழையை அறுக்காம முடிச்சை மட்டும் எடுக்கிறாப்பலயா?" என்றாள் கலாவதி.

"அப்படித்தான்னு வெச்சுக்கோங்க."

வெளியே வந்ததும் அவள் புருஷனின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "கட்டியோட அம்மனும் போயிட்டா? எங்கிட்ட யாரு வந்து நிப்பாங்க?"

"நான் நிக்கிறேன், போதாதா?"

"நீ தெனமுந்தான் நிக்கிற, டீக்கு."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகொரு நாள் வீடியோவைக் காட்டினார்கள். மஞ்சள் பூசினாற்போன்ற கணையத்தின் ஓரத்தில் செக்கச்செவேலென்று ஒரு மொட்டு. கண் கொட்டாமல் பார்த்தவள், "இத்தனூண்டா?" என்றாள். திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாள்.

இனி விரதம் இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை. சாமி இன்னும் வருமா என்று அவளுக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது. தெரு கூடியது. எதிர்வீட்டு எல்லம்மாள் முன்னால் வந்து நின்றாள். அவள் மகளுக்கு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி வேலை கிடைத்திருந்தது, அனுப்புவதா வேண்டாமா என்று கேட்க.

வெயில் உச்சியைத் தாண்டியது. கலாவதி தனக்குள்ளேயே காது வைத்துக் கேட்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வயிறு மட்டும் கடமுட என்றது.

"அம்மா எப்ப வருவா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"தெரியல. எனக்குப் பசிக்குது."

ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். எல்லம்மாள் மட்டும் நகரவில்லை. "அப்ப எம்பொண்ணு?"

"அனுப்புக்கா."

"இது யாரு சொல்றது?"

"நாந்தான். கம்பெனி பஸ்ஸு தெருமுனைக்கே வருதில்ல? மொதல்ல பகல் ஷிப்டு கேக்கச் சொல்லு."

எல்லம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ சோத்தைப் போட்டுக்கினு வா. சாப்டுக்கினே சொல்லு, இன்னொண்ணும் கேக்கணும்."