ஜட்ஜய்யா கைகொடுத்த மாலை

ஜட்ஜய்யாவின் அறையில், பீரோவுக்கு மேல், தட்டையான ஒரு தோல்பெட்டி இருக்கும். உள்ளே இடுப்பில் கட்டிக்கொள்ளும் வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரன். அவர் ஃப்ரீமேசன். சடங்குகளை வெளியில் சொல்லாத, உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைத்துக்கொள்ளும் சங்கம் அது. மாதம் ஒரு சனிக்கிழமை பெட்டியோடு சென்னைக்கு ரயிலேறுவார். பெரிய மனிதர்கள் இடுப்பில் தோலைக் கட்டிக்கொண்டு அப்படி என்னதான் செய்வார்கள் என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

எண்பதுகளின் நடுவில் திண்டிவனம் கோர்ட்டில் நான் அவருக்கு ஸ்டெனோ. அவர் முன்பு விழுப்புரத்தில் வக்கீலாக இருந்து, ஒரு தடவை எம்.எல்.ஏ.வும் ஆனவர். சிபாரிசு கேட்டு வந்த கட்சிக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். அடுத்த முறை சீட்டு கிடைக்கவில்லை. நீதிபதியான பிறகும் நிலைகொள்ளாத மனிதர்தான். உட்கார்ந்து டிக்டேஷன் கொடுக்கவே மாட்டார். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே சொல்வார். என் பென்சில் பின்னாலேயே ஓடும்.

வல்லம் பக்கத்து விதவை ஒருத்தியின் மல்லாட்டைக் கொல்லையை, அதாவது வேர்க்கடலை போடும் நிலத்தை, தான் வாங்கிவிட்டதாக விழுப்புரம் ரைஸ்மில் முதலாளி ஒருவர் போட்ட வழக்கு வந்தது. அவளுடைய கொழுந்தன் திருட்டுத்தனமாக எழுதிக்கொடுத்த கிரயம் என்பது விசாரணையில் ஐயாவுக்குத் தெளிவாகிவிட்டது. பாதித் தீர்ப்பை எனக்குச் சொல்லியும் விட்டார். நிலம் அவளுக்கே.

அன்று மாலை மில்காரர் எலுமிச்சம்பழத்தோடு அறைக்குள் வந்தார். பழத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். ஐயாவும் பழக்கதோஷத்தில் நீட்டினார். மில்காரரின் கட்டைவிரல் ஏதோ ஒரு தினுசாக அழுந்தியது. "பிரதர்" என்றார் மெதுவாக. அவரும் அந்தச் சங்கத்துக்காரர்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஐயாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"வெளிய போங்க."

அவர் போன பிறகு ஐயா வெகுநேரம் நடந்தார். கடைசியில், "கேஸை வேற கோர்ட்டுக்கு மாத்தச் சொல்லி ஜில்லா ஜட்ஜுக்கு எழுதணும், எடுத்துக்கம்மா" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "தீர்ப்பு அந்தம்மா பக்கந்தானேங்க? குடுத்துட்டா அந்தாளுக்கும் புத்தி வரும்ங்களே?"

"அவருக்கு எதிரா எழுதினா, நான் யோக்கியன்னு காட்டிக்கத்தான் எழுதினேனான்னு எனக்கே சந்தேகம் வரும்மா."

வழக்கு விழுப்புரத்துக்குப் போயிற்று. அங்கிருந்த நீதிபதி அதே சாட்சியங்களைப் படித்து, கிரயம் செல்லும் என்றார். அப்பீலுக்குப் போக அவளிடம் தெம்பில்லை. அதற்குப் பிறகு ஐயா சென்னைக்கு ரயிலேறவே இல்லை.

அவரைப் போன்ற யோக்கியர் உண்டா என்று இன்றும் வக்கீல்கள் என்னிடம் கேட்பார்கள். இல்லை என்றுதான் சொல்வேன்.

ஐயா ஓய்வு பெற்ற பிறகு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அந்த விதவையைப் பார்த்தேன். தன்னுடைய அதே கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போவதாகச் சொன்னாள். மனசு கேட்காமல், நடந்தது முழுவதையும் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவே இல்லை.

"நல்ல மனுசந்தான். அவரு மனசு சுத்தமா இருக்கணும்னு நெனச்சிக்கினாரு, செரி. அதுக்கு எங் கொல்லைய எதுக்கும்மா குடுத்தாரு?"